ஸ்கிராட்ச், மைக்ரோபிட், ஆர்டுவினோ, பைத்தான்: பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எதில் தொடங்குவது?

"எட்டாம் வகுப்புப் படிக்கிறான், எப்பப் பார்த்தாலும் போனில் கேம்தான். கோடிங் கிளாஸில் சேர்க்கவா, இல்லை ரோபோ கிட் வாங்கிக் கொடுக்கவா?" மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இப்போது ஊர் வாசகசாலை நடத்துகிறவர்களும் ஆலய இளைஞர் அமைப்பில் இருப்பவர்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, பழைய லேப்டாப் ஒன்றிரண்டு கிடக்கிறது, பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டும், எதை வாங்குவது?

நான் இங்கே எடைபோடுவது நான்கை: ஸ்கிராட்சும் பைத்தானும் கம்ப்யூட்டருக்குக் கோடு, அதாவது கட்டளை, எழுதுகிற மொழிகள்; மைக்ரோபிட்டும் ஆர்டுவினோவும் அந்தக் கோடை ஓட்டுகிற சின்ன மின்னணு போர்டுகள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் நான் எதை வைத்துத் தீர்மானிக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை தான் செய்ததை இன்னொரு பிள்ளையின் கையில் கொடுத்து "இந்தா, விளையாடிப் பாரு" என்று சொல்லும் இடத்துக்கு எது சீக்கிரம் கொண்டுபோகிறதோ, அதில்தான் தொடங்க வேண்டும். தானே எழுதி, தானே ஓட்டிப் பார்த்து, தானே மூடி வைக்கிற வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் பிழை கண்ணில் படாது. அடுத்தவன் கையில் கொடுத்த உடனே அது உடையும், அப்போதுதான் கம்ப்யூட்டர் எப்படி யோசிக்கிறது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, வீட்டில் அல்லது வாசகசாலையில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்பது. புது லேப்டாப்பா, பேட்டரி செத்து எப்போதும் பிளக்கில் கிடக்க வேண்டிய பழையதா, அல்லது அம்மாவின் போன் மட்டும்தானா. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. காற்றோடு பெய்தால் கரண்ட் போவதும் கூடவே வரும். பேட்டரி இல்லாத லேப்டாப்பை நம்பி மாலை நேர வகுப்பு போட்டால் பாதி நாள் இருட்டில் கதை பேசித்தான் முடியும்.

அடுத்தது, முதல் அசைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது. திரையில் ஒரு பொம்மை நகர்வதோ ஒரு விளக்கு மின்னுவதோ முதல் நாளே நடக்க வேண்டும். பதிமூன்று வயதுப் பிள்ளை மூன்று வாரம் பொறுமையாக 'அடிப்படை' படிக்காது, படிக்க வேண்டிய தேவையும் இல்லை.

மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் பெரியது: வேலை செய்யாவிட்டால் எத்தனை இடத்தில் தேட வேண்டும்? திரையில் மட்டும் ஓடுகிற கேம் என்றால் பிழை கோடில்தான் இருக்கும். வயர் வந்துவிட்டால் பிழை கோடிலும் இருக்கலாம், வயரிலும் இருக்கலாம், சென்சாரே செத்தும் இருக்கலாம். கூட உட்கார ஒரு பெரியவர் இருந்தால் இதைவிட நல்ல பாடம் இல்லை. யாரும் இல்லாவிட்டால் பிள்ளை அழுதுவிட்டு மூடி வைத்துவிடும்.

பிறகு செலவு. கிட் விலை மட்டுமல்ல, பேட்டரி, கேபிள், உடைகிற சென்சார், உட்காருகிற பெரியவரின் நேரம் எல்லாம் சேர்த்துத்தான். கடைசியாக, இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தால் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். அதற்கு முன் கை பழகியிருந்தால் நல்லது. ஆனாலும் இதை நான் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்றால் மற்ற நான்கும் சரியாக அமைந்தால் இது தானாக வரும்.

| | ஸ்கிராட்ச் | மைக்ரோபிட் | ஆர்டுவினோ | பைத்தான் கேம் |
|---|---|---|---|---|
| வாங்கும் செலவு (சுமாராக) | இலவசம் | போர்டு ஒன்று 2,000 ரூபாய் பக்கம் | நகல் போர்டு 300 முதல் 600 வரை, உதிரிகளோடு 1,500 | இலவசம் |
| முதல் அசைவு | அரை மணி நேரத்தில் | அரை மணி நேரத்தில் | ஒரு மாலை | ஒரு மாலை, டைப்பிங் தெரிந்தால் |
| பிழை தேடும் இடம் | கோடு | கோடு, கொஞ்சம் கேபிள் | கோடு, வயர், சென்சார், டிரைவர் மென்பொருள் | கோடு, எழுத்துப்பிழை |
| பெரியவர் தேவையா | முதலில் மட்டும் | அவ்வப்போது | கட்டாயம் | அடிக்கடி |
| ஏற்ற வகுப்பு | 6 முதல் 9 வரை | 7 முதல் 10 வரை | 9-க்கு மேல் | 9-க்கு மேல் |
| இன்னொருவர் விளையாட | உடனே | உடனே | செய்யும் பொருளைப் பொறுத்து | உடனே |

## ஸ்கிராட்ச்

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம், வண்ண பிளாக்குகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தால் போதும். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இதற்குப் பாடம் வந்துவிட்டது. நெட் தேவையில்லாத ஆஃப்லைன் பதிப்பும் உண்டு, பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். மலைப்பக்கம் பேச்சிப்பாறை, குலசேகரம் மாதிரி சிக்னல் வந்து போகிற இடங்களுக்கு இது பெரிய உதவி.

'சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்' என்று பெற்றோர் இதைத் தள்ளிவிடுவதுதான் எனக்கு வருத்தம். ஒரு உதாரணம் சொல்கிறேன். முட்டம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வள்ளம் ஓட்டி மீன் பிடிக்கிற கேம் செய்தாள். வலையில் மீன் பட்டால் ஒரு பாயிண்ட் ஏற வேண்டும். அவள் ஓட்டிப் பார்த்தபோது எண் ஏறியது, சந்தோஷம். தம்பி கையில் கொடுத்தாள். அவன் ஒரே ஒரு மீனைப் பிடித்துவிட்டு "ஏன்க்கா, ஒரு மீனுக்குப் பதினாலு பாயிண்டா?" என்று கேட்டான். அவள் போட்டிருந்த பிளாக் இதுதான்: எப்போதும் திரும்பத் திரும்பப் பார், மீன் வலையைத் தொட்டால் பாயிண்டை 1 கூட்டு. ஸ்கிராட்ச் ஒரு நொடிக்குச் சுமார் 30 தடவை அந்தச் சுற்றை ஓட்டும். மீன் வலையைக் கடந்துபோக அரை நொடி ஆனால் அதற்குள் பதினான்கு பதினைந்து தடவை 'தொட்டாச்சு' என்று பதில் வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு பாயிண்ட். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. கண்டுபிடித்த பிறகு, பாயிண்ட் ஏறியவுடன் அந்த மீனை அழித்துவிடும்படி மாற்றினாள், சரியாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு 'ஒரு தடவை' என்பது தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும் என்பதை அவள் இனி மறக்க மாட்டாள். கல்லூரி மாணவர்களே தடுமாறுகிற இடம் அது.

அதோடு கேம் வடிவமைப்பும் வந்துவிடுகிறது. மீன் மெதுவாக வந்தால் போர் அடிக்கிறது, வேகமாக வந்தால் தம்பி எழுந்து போய்விடுகிறான். எங்கே நிறுத்துவது? வேகத்தை ஒரு மாறியில் (மாறுகிற எண்ணைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி) போட்டு, பாயிண்ட் ஏற ஏற வேகமும் ஏறுகிற மாதிரி செய்தாள். மாறி எதற்கு என்று புத்தகத்தில் படித்ததைவிட இது நன்றாக மனதில் நிற்கும்.

மறைந்திருக்கிற செலவு: இன்னொருவர் செய்த கேமை அப்படியே எடுத்து மாற்றுகிற வசதி இருக்கிறது. அது நல்ல வசதிதான், ஆனால் சில பிள்ளைகள் படத்தையும் பாட்டையும் மட்டும் மாற்றிவிட்டு 'நான் செய்தேன்' என்று காட்டும். கூட உட்கார்ந்து "இந்த பிளாக்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்க ஓர் ஆள் தேவை, அவருக்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இன்னொன்று, ஸ்கிராட்சைப் போனில் ஓட்டுவது சிரமம். கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ வேண்டும்.

எப்போது இதுதான் சரி: லேப்டாப் இருக்கிறது, பணம் இல்லை, பிள்ளைகள் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள், சொல்லிக்கொடுப்பவரும் கூடவே கற்றுக்கொள்கிறார்.

## மைக்ரோபிட்

கையடக்கமான சின்ன போர்டு. 25 சிவப்பு எல்இடி, இரண்டு பட்டன், சாய்வை அறியும் சென்சார், திசைகாட்டி, ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பிபிசி 2016-இல் பிரிட்டனில் பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க உருவாக்கியது. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்தன. எழுதுவது மேக்கோடு என்ற தளத்தில், பிளாக்கிலும் எழுதலாம், பைத்தானிலும் எழுதலாம். போர்டு கையில் வராத வரைக்கும் திரையிலேயே ஒரு மாதிரி போர்டு ஓடும், அதனால் வாங்குமுன் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். தயவுசெய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதை நான் சிபாரிசு செய்வதற்கு ஒரே காரணம், பிள்ளைகளைத் திரையிலிருந்து எழுப்பி முற்றத்துக்குக் கொண்டுபோகிறது. ஒரு போர்டை ரப்பர் தோட்டத்தில் எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தேட வேண்டும். சிக்னல் வலுக்க வலுக்க கையில் இருக்கிற போர்டில் விளக்கு வரிசை உயரும். கண்ணாமூச்சியேதான். இரண்டு குழு ஒரே நேரத்தில் ஆடினால் ஒரு குழுவின் சிக்னல் அடுத்த குழுவின் போர்டில் வந்து குழப்பும். ஏன் என்று தேடிப் போனால், எல்லோரும் ரேடியோ குரூப் எண்ணை 1 என்றே போட்டிருப்பார்கள். ஆளுக்கொரு எண் போட்டால் தீர்ந்தது. வைஃபை எப்படிப் பக்கத்து வீட்டோடு கலக்காமல் இருக்கிறது என்று அதற்குப் பிறகு பேசிப் பாருங்கள், கவனிப்பார்கள்.

பாட்டரி இரண்டு சின்ன பென்டார்ச் செல், அதனால் கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது. செலவில் மறைந்திருப்பது எது என்றால், முதலில் ரேடியோ ஆட்டத்துக்குக் குறைந்தது இரண்டு போர்டு வேண்டும். இரண்டாவது, ஸ்கிராட்ச் கேமுக்கு இதைக் கன்ட்ரோலராக மாட்டலாம் என்று வீடியோவில் காட்டுவார்கள். அதற்கு ப்ளூடூத்தும், விண்டோஸ் 10-ஓ அதற்குப் பிந்தையதோ உள்ள லேப்டாப் வேண்டும், பழைய லேப்டாப்பில் ஏமாற்றம்தான். மேக்கோடில் எழுதி கேபிள் வழியாகப் போடுவது எதிலும் நடக்கும். மூன்றாவது, சார்ஜ் மட்டும் ஏற்றுகிற போன் கேபிளைச் செருகிவிட்டு 'போர்டு கெட்டுப்போச்சு' என்று சொல்லாதீர்கள், டேட்டாவும் போகிற கேபிள்தான் வேண்டும்.

எப்போது இதுதான் சரி: பிள்ளைகள் கூட்டமாக இருக்கிறார்கள், உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டார்கள், ஐந்தாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. ஒரே ஒரு பிள்ளை, வீட்டில் தனியாக என்றால் இந்தப் பணத்துக்கு இதன் முழுப் பலன் கிடைக்காது.

## ஆர்டுவினோ

2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், டிசைன் மாணவர்கள் எளிதில் மின்னணுப் பொருள் செய்து பார்ப்பதற்காகப் பிறந்தது. வடிவமைப்பு திறந்தது, யாரும் எடுத்துச் செய்யலாம் என்பதால் நகல் போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. எழுதுவது சி++ சார்ந்த மொழி. பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கப்போகிற பிள்ளைக்கு அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் அப்போதே பழகிவிடும்.

நம் ஊரில் இதற்கு வேலை நிறைய இருக்கிறது. மாடியில் தண்ணீர் டேங்க் நிரம்பினால் பஸ்ஸர் அடிக்க வேண்டும். ரப்பர் ஷீட்டோ கருவாடோ வெயிலில் காயும்போது முதல் தூறல் விழுந்தால் சத்தம் வர வேண்டும். பிள்ளை செய்து கொடுத்து, பாட்டி அதை நம்பி உள்ளே போய் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு வருகிற பெருமையை வேறு எந்தக் கருவியாலும் கொடுக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இது தொடங்கும் இடம் அல்ல என்பேன். ஒரு சாதாரண பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் வயர் செருகுகிற பலகை) பட்டனைச் செருகி, ஆர்டுவினோவின் ஒரு பின்னில் கொடுத்து, அமுக்கினால் விளக்கு எரியும்படி எழுதியாகிவிட்டது. ஆனால் விளக்கோ கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே மின்னுகிறது, யாரும் தொடாதபோதும் மின்னுகிறது. கோடில் பிழையே இல்லை. பட்டன் அமுக்காதபோது அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது, சுற்றிலும் இருக்கிற மின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு 0, 1 என்று மாறி மாறிப் படிக்கிறது. பின்னை நிலையாகப் பிடித்து வைக்க ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும், அல்லது போர்டுக்குள்ளேயே இருக்கிற புல்-அப் ரெசிஸ்டரை கோடில் ஒரு வரி எழுதி இயக்க வேண்டும். தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. இல்லாவிட்டால் மூன்று நாள் போகும், பிள்ளை தன் மேலேயே சந்தேகப்படும்.

அந்தத் தெரிந்த ஆள் என்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. ஊரில் டிவி, மிக்ஸி பழுது பார்க்கிற அண்ணனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து உட்காரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மல்டிமீட்டரைப் பிடிக்கிற விதமும் சால்டர் வைக்கிற விதமும் அவர் கையில் இருக்கிறது. கோடு பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும், வயரை அவர் பார்த்துக்கொள்வார்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். நகல் போர்டு பலவற்றில் சிஎச்340 என்ற சிப் இருக்கும், சில கம்ப்யூட்டரில் அதற்குத் தனியாக டிரைவர் போட்டால்தான் போர்டே தெரியும். மண் ஈரம் பார்க்கிற மலிவு சென்சார், இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்குமே அது, ஈர மண்ணில் தொடர்ந்து மின்சாரம் ஓடுவதால் சில வாரத்திலேயே அரித்துப்போகும். உலோகம் நேரே மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகை கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நிற்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று பின்களைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டேங்க் நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்த வேண்டும் என்று பிள்ளை ரிலேவைக் (போர்டு சொன்னால் கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச்) கேட்கும். 230 வோல்ட் பக்கம் பிள்ளையின் கை போகவே கூடாது. பஸ்ஸர் அடிக்கட்டும், பெரியவர் போய் சுவிட்சை அணைக்கட்டும், அது போதும்.

வாங்குமுன் பள்ளியில் விசாரியுங்கள். மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்துகிற அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளிகளில் இந்த மாதிரி போர்டும் சென்சாரும் இருக்கும், ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காகத்தான் அது. பூட்டிய அலமாரிக்குள் இருந்தால் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள், நாலு பெற்றோராகப் போய்க் கேளுங்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற பிள்ளைகள் மன்றம் 2018 முதல் நடக்கிறது. பாறசாலையில் சொந்தக்காரப் பிள்ளைகள் இருந்தால் விடுமுறைக்கு வரும்போது சேர்த்து உட்கார வையுங்கள், பிள்ளைகள் பிள்ளைகளிடம்தான் வேகமாகக் கற்கும்.

எப்போது இதுதான் சரி: ஒன்பதாம் வகுப்புக்கு மேல், வீட்டில் எதையாவது கழற்றிக்கொண்டே இருக்கிற பிள்ளை, கூட உட்கார ஓர் ஆள், சரிசெய்ய வேண்டிய ஒரு நிஜமான காரியம். நாலில் ஒன்று குறைந்தாலும் கொஞ்சம் காத்திருங்கள். போர்டு வாங்காமலே டிங்கர்கேட் தளத்தில் வயர் மாட்டிப் பழகலாம், இலவசம்.

## பைத்தானில் கேம்

பன்னிரண்டாம் வகுப்பில் எப்படியும் பைத்தான் வருகிறது, அதனால் நேரே இதற்கே போய்விடலாமே என்பார்கள். டைப்பிங் பழகிய, ஸ்கிராட்சில் இரண்டு மூன்று கேம் முடித்த பிள்ளைக்கு, சரி. பைகேம் ஸீரோ என்ற தயார் கோடுத் தொகுப்பை எடுத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வரியில் ஒரு படத்தைத் திரையில் நகர்த்திவிடலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். முதல் தடவையாகக் கோடைப் பார்க்கிற பிள்ளைக்கு இது கஷ்டம். ஒரு இடைவெளி கூடினால் பிழை, ஒரு புள்ளி விட்டால் பிழை, வருகிற பிழைச் செய்தியும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்க ஒரு வழி உண்டு. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மீன்_வேகம் = 5' என்று எழுதினால் ஓடும். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று ஒரே பார்வையில் பிரிந்து தெரியும். புதிதாக வருகிற பிள்ளைக்கு மிகப் பெரிய குழப்பமே அதுதான்.

கோடோ (Godot) போன்ற முழு கேம் எஞ்சின், அதாவது கேம் செய்வதற்கான பெரிய மென்பொருள், வேண்டும் என்று கேட்கிற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தடுக்காதீர்கள். இலவசம், திறந்த மூலம், அதன் மொழியும் பைத்தான் சாயலில்தான் இருக்கும். லேப்டாப் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## போன் மட்டும்தான் இருக்கிறதா?

பாக்கெட் கோட் என்ற ஆண்ட்ராய்டு ஆப் இருக்கிறது, ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான கேட்ரோபாட் திட்டத்தின் ஆப் அது. ஸ்கிராட்ச் மாதிரி பிளாக்குகளை வைத்துப் போனிலேயே கேம் செய்யலாம். சின்னத் திரையில் நீளமான கோடைப் பார்க்கக் கண் வலிக்கும், அதனால் சின்னச் சின்ன கேமாக எடுத்துக்கொள்ளட்டும். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றை போர்டு கம்ப்யூட்டரை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள்: மானிட்டர், கீபோர்டு, மெமரி கார்டு, சார்ஜர் எல்லாம் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் பழைய லேப்டாப்பின் விலை வந்துவிடும். முதல் கம்ப்யூட்டருக்கு லேப்டாப்தான் நல்லது.

பெரிய தொகை கட்டிச் சேரச் சொல்கிற கோடிங் வகுப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று. பணம் கட்டுமுன், அங்கே படிக்கிற ஒரு பிள்ளை செய்த கேமை உங்கள் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் செய்த பிள்ளையிடம் அதில் ஒரு விதியை அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடிந்தால் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். சான்றிதழை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

## வாசகசாலைக்கு என் கணக்கு

பத்தாயிரம் ரூபாயும் பழைய லேப்டாப் இரண்டும், எட்டுப் பத்துப் பிள்ளைகளும் இருந்தால் நான் இப்படிச் செய்வேன். முதல் இரண்டு மாதம் எதுவும் வாங்காமல் ஸ்கிராட்ச் மட்டும், ஒரு லேப்டாப்புக்கு மூன்று நான்கு பேர். மிச்சப் பேர் தாளில் கேமை வரைந்து, அட்டையும் புளியங்கொட்டையும் வைத்து விதிகளை ஆடிப் பார்க்கட்டும். எந்தக் கேமும் கம்ப்யூட்டருக்குள் போகுமுன் தாளில் ஒரு தடவை ஆடப்பட்டிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள், பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மைக்ரோபிட் இரண்டு, நல்ல கேபிள் இரண்டு, ரீசார்ஜ் செல் எட்டு, அதற்கு ஒரு சார்ஜர். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஆர்வம் காட்டுகிற ஓரிருவருக்கு ஒரு ஆர்டுவினோ நகல் போர்டு, உதிரிகளோடு. மிச்சத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள், மழைக்காலத்தில் ஏதாவது கெடும்.

கீபோர்டை யார் பிடிப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். விட்டுவிட்டால் பையன்கள் கீபோர்டையும் வயரையும் பிடித்துக்கொண்டு, பெண் பிள்ளைகளிடம் படம் வரைகிற வேலையும் பெயர் எழுதுகிற வேலையும்தான் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து மணி அடிக்கிற பொறுப்பை, அன்றைக்கு யார் ரொம்ப நேரமாகப் பேசாமல் இருக்கிறாளோ அவளிடம் கொடுங்கள்.